ஹுவாது பாரில் பத்து நாள்: அலை, படகு, விடுதி

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் ஒன்பது வருடமாக அலைச்சறுக்குப் பலகையில் அலையேறுகிறேன். ஒன்பது வருடமும் அலைக்கு முதுகைக் காட்டித்தான் நின்றிருக்கிறேன். போர்டில் எனக்கு வலது கால் முன்னால் வரும். அப்படி நிற்பவர்களுக்கு இடப்பக்கம் ஓடுகிற அலைதான் முகத்துக்கு நேராக இருக்கும். நம் கோவளம் முனையிலோ அலை வலப்பக்கம் ஓடும். பின்னால் எழும்பி வருகிற அலையைத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தே பழகிவிட்டேன். நாற்பத்தோரு வயதில், ஒரு முறையாவது நல்ல இடப்பக்க அலை ஒன்றை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. அதற்காக இரண்டு வருடம் பணம் சேர்த்து, இந்த மார்ச் கடைசியில் மாலத்தீவின் ஹுவாது அட்டோலுக்கு, அதாவது வளையமாகக் கிடக்கும் பவளத் தீவுக்கூட்டத்துக்கு, போய் வந்தேன். அங்கே தங்கிய விடுதியையும், அவர்கள் நடத்தும் அலைச்சறுக்குப் படகையும், அந்தக் கடலின் நிலைமையையும் பற்றிப் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

விடுதியின் பெயரையும் அது இருக்கும் தீவின் பெயரையும் எழுதவில்லை. ஆறே அறைகள் வைத்து ஒரு குடும்பம் நடத்தும் இடம். நல்லதோடு சில கடுமையான குறைகளையும் சொல்லப்போகிறேன். அந்தக் குறைகளை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அட்டோலின் தெற்கு விளிம்பில் இப்படிப்பட்ட விடுதிகள் பல இருக்கின்றன. எதில் தங்கினாலும் நான் கேட்ட கேள்விகளையே நீங்களும் கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்து மீனவர்கள் கடலடித் திட்டைப் ‘பார்’ என்பார்கள். ரீஃப் என்பதற்கு அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. அதையே எழுதுகிறேன்.

ஹுவாது எங்கே இருக்கிறது என்றால், மாலேயிலிருந்து உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தெற்கே போக வேண்டும். நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே கிடக்கிற பெரிய அட்டோல் அது. உலகத்தின் மிகப்பெரிய அட்டோல்களில் ஒன்று. நடுவில் இருக்கும் காயல் மட்டுமே ஒரு சிறிய கடல் போலத் தெரியும். காதெத்தூ விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வேகப்படகில் தெற்கு விளிம்புக்கு வந்தோம். வந்தோம் என்றால், நானும் எனக்கு அலையேறக் கற்றுக்கொடுத்த கோவளம் குப்பத்துத் தம்பியும். வயது இருபத்தாறு. அவன் அப்பா இன்றும் கடலுக்குப் போகிறவர். அவனுடைய செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். தெரியாத பாரில் எனக்குத் தெரிந்த ஒரு கண் வேண்டும் என்று நினைத்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பத்து இரவு, மூன்று வேளைச் சாப்பாடு, தினமும் இரண்டு முறை படகு, கூடவே நீரில் இறங்கும் வழிகாட்டி, எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,450 டாலர். விமானக் கட்டணம் தனி. பசுமை வரி என்று நாளுக்கு ஆறு டாலர் தனியாக வாங்குகிறார்கள். அது அரசாங்கத்துக்குப் போவது. போர்டுக்கு உள்நாட்டு விமானத்தில் தனிக் கட்டணம் உண்டு. அதுவும் சிறிய விமானம் என்பதால் இடம் இல்லையென்றால் பையை அடுத்த விமானத்துக்குத் தள்ளிவிடுவார்கள். எங்கள் பை ஒரு நாள் தாமதமாக வந்தது. முதல் நாளைக் கணக்கில் சேர்க்காமல் போவது நல்லது.

விடுதியை விடுங்கள், முதலில் கேப்டன். ஐம்பது வயதைத் தாண்டியவர். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் தூண்டில் கழியில் சூரை பிடிக்கும் படகுகளில் இருபது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார். அம்மாவின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்தில் மூன்று மாதம் தங்கியதில் கொஞ்சம் மலையாளம் தெரியும். அவருடைய மலையாளமும் எங்கள் தமிழும் சேர்ந்து வேண்டிய அளவு பேச்சு நடந்தது. படகை அவர்கள் ‘தோனி’ என்பதைக் கேட்டதும் தம்பிக்கு ஒரே சந்தோஷம். “அக்கா, நம்ம தோணிக்கா!” என்றான்.

இரண்டாம் நாள் விடிகாலை. பாருக்கு வெளியே இருநூறு மீட்டர் தள்ளி கேப்டன் எஞ்சினை அணைத்துவிட்டார். வழிகாட்டிப் பையன் போர்டைக் கையில் எடுத்துவிட்டான். கேப்டன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இருபது நிமிடம். மூன்று செட், அதாவது அடுத்தடுத்து வரும் பெரிய அலைக் கூட்டம் மூன்று, வந்து போகும் வரை வாயே திறக்கவில்லை. பிறகு கையால் ஓர் இடத்தைக் காட்டினார். பாரின் உள்விளிம்பில் கறுப்பாக ஒரு பவளக் கட்டி இருந்தது. அதன் தலை தண்ணீருக்கு மேல் தெரியாத வரை இறங்கலாம். தலை தெரிந்தால் உடனே படகுக்கு வந்துவிட வேண்டும். “வெள்ளம் குறைவு, பின்னே வேண்டா” என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அலையைப் பற்றி பத்து நாளில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பாடம் அந்த ஒரு வரிதான். நான் கொடுத்த 1,450 டாலரில் பெரும்பகுதி அந்த இருபது நிமிடத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று கீழே வரும்.

பார் அலைக்கும் நம் மணல் அலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். கோவளத்தில் கடலடி பல கிலோமீட்டர் தூரம் மெல்ல மெல்ல மேடாகி வரும். அலை வருகிற வழியிலேயே தரையை உரசி உரசிப் பாதி வலுவை இழந்துவிடும். மணல் திட்டும் மாதத்துக்கு மாதம் இடம் மாறும். போன வாரம் உடைந்த இடத்தில் இந்த வாரம் உடையாது. ஹுவாதுவில் அப்படி இல்லை. ஆழ்கடலிலிருந்து சுவர் போல நேரே எழும்புகிறது பார். திறந்த கடலில் தடையே இல்லாமல் வந்த அலை அந்தச் சுவரில் மோதும்போது அடிப்பாகம் சட்டென்று தடைபடுகிறது, மேல்பாகம் வந்த வேகத்திலேயே முன்னால் பாய்கிறது. அதனால்தான் அது குழலாகச் சுருள்கிறது. உடைகிற இடமும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு இடத்தைப் பிடித்து உட்கார்ந்தால் அலை உங்களைத் தேடி வரும். அழகு அதுதான், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. விழுந்தால் கீழே மணல் இல்லை.

கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அங்கே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வித்தியாசம். கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பார் மேல் நெஞ்சளவு தண்ணீர் இருப்பதும் முழங்கால் அளவு இருப்பதும் அந்த ஒரு மீட்டருக்குள்தான்.

பருவத்தைப் பற்றி. மாலேயைச் சுற்றியுள்ள வட பகுதி அட்டோல்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை என்பார்கள். ஹுவாதுவுக்குப் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையும், மறுபடி செப்டம்பர் அக்டோபர் வாக்கிலும்தான் நல்லது. அலை பெரும்பாலும் தெற்கே, நாற்பது டிகிரி அட்சரேகைக்கும் கீழே சுழலும் புயல்களிலிருந்துதான் வருகிறது. வேறுபடுவது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று பலமாகிவிட்டால் தெற்கு விளிம்பின் பார்களில் அலையின் முகம் கலைந்துவிடும். மார்ச்சில் வடக்கேயிருந்து வரும் மெல்லிய காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசி, அலையின் முகத்தைத் துடைத்துவைத்த மாதிரி வைத்திருக்கும்.

கேப்டன் இதை நட்சத்திரத்தில் சொன்னார். அவர்களிடம் ‘நகை’ என்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. வருடத்தை இருபத்தேழாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று பதினான்கு நாள். நாங்கள் இருந்தது ‘ரேவ’. அது முடிந்து ஏப்ரல் எட்டாம் தேதி ‘அஸ்ஸித’ பிறக்கும், தென்மேற்குப் பருவம் அன்று தொடங்குவதாகக் கணக்கு. அதற்கு அடுத்தது ‘புருணு’, அதற்கடுத்து ‘கெதி’. ரேவதி, அசுவினி, பரணி, கார்த்திகை! வரிசையைக் கேட்டுக்கொண்டே வந்த எனக்குப் புல்லரித்துவிட்டது. காதெத்தூவில் இறங்கியதிலிருந்து இருந்த அந்நியம் அந்த நிமிடத்தில் போய்விட்டது.

சரி, அலைகளுக்கு வருகிறேன். அருகில் இருப்பவை லவ் சார்ம்ஸ், ஃபைவ் ஐலண்ட்ஸ், டூ வேஸ், டைகர் ஸ்ட்ரைப்ஸ். மேற்கே தள்ளி ப்ளூ பவுல்ஸ், காஸ்ட்அவேஸ், பீக்கன்ஸ். பெயர்கள் எல்லாம் வெளிநாட்டு அலைச்சறுக்குக்காரர்கள் வைத்தவை. மாலத்தீவில் இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர் டோனி ஹிண்டே என்ற ஆஸ்திரேலியர். 1973-இல் வடக்கே ஒரு பாரில் அவர் வந்த கப்பல் மோதி நின்றுவிட, அலைகளைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். 2008-இல் அலையேறிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். ஹுவாதுவுக்குக் கூட்டம் வந்தது அவர் வந்து வெகுநாள் கழித்து. குடியிருப்புத் தீவுகளில் விடுதி நடத்த அனுமதி கிடைத்ததே 2009-க்குப் பிறகுதான். அதற்கு முன் பயணப் படகில் தங்கினால்தான் உண்டு. என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

லவ் சார்ம்ஸ் இடப்பக்க அலை. நான் பார்த்த இரண்டு நாளும் இடுப்பளவு, நெஞ்சளவுதான். அலையேற்றத்தில் இரண்டு மூன்று வருடப் பழக்கம் உள்ளவர்கள் கடல் ஏற்றத்தின்போது அங்கே தைரியமாக இறங்கலாம். என் வாழ்க்கையின் முதல் நேருக்கு நேர் அலை அதுதான். சிறியது, மூன்று திருப்பத்துக்கு மேல் ஓடவில்லை. போர்டிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே கிடந்தேன். தம்பி தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் கத்தினான்.

ஃபைவ் ஐலண்ட்ஸ் வலப்பக்கம். தம்பிக்கு அது சொர்க்கம். பீக்கன்ஸை நாங்கள் படகிலிருந்து பார்த்தோம், அவ்வளவுதான். தலைக்கு மேலே ஒரு ஆள் உயரம், அடியில் தண்ணீரே இல்லாத மாதிரி பார் பழுப்பாகத் தெரிந்தது. தம்பி கொஞ்ச நேரம் பார்த்தான். “இது எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சுக்கா” என்றான். குப்பத்தில் வளர்ந்து, கட்டுமரத்தில் ஓடி ஓடிக் கடலைக் கற்ற பையன் அப்படிச் சொல்கிறான் என்றால் பீக்கன்ஸ் எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். நடுத்தரப் பழக்கம் உள்ளவர்களும் பீக்கன்ஸ் போகலாம் என்று விடுதியின் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி நடந்த தவறைச் சொல்கிறேன். நான்காம் நாள் பெரிய அலை வந்தது. அலைக் கணிப்பில் இரண்டு மீட்டருக்குப் பக்கம், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் பதினைந்து விநாடி இடைவெளி. இந்த இடைவெளி எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும், உயரத்தை அப்புறம் பார்க்கலாம். பதினைந்து விநாடி அலை ஆழ்கடலில் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும். தெற்கே ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்தது ஐந்து நாளில் இங்கே வந்துவிடும். நாங்கள் மாலேயில் விமானத்துக்குக் காத்திருந்தபோதே அது கிளம்பிவிட்டது.

காலையில் அருமையாக இருந்தது. ஏற்றத்தில் தம்பியும் மற்ற விருந்தினர்களும் நன்றாக ஓடினார்கள். பதினொரு மணிக்கு வற்றம் தொடங்கியது, டைகர் ஸ்ட்ரைப்ஸில் அந்தக் கறுப்புக் கட்டியின் தலை வெளியே வந்துவிட்டது. கேப்டன் எல்லோரையும் கூப்பிட்டார். படகில் இருந்த நான்கு வெளிநாட்டு விருந்தினர்களுக்கு அடுத்த நாள் விமானம். இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று விடுதிக்குத் தொலைபேசியில் பேசினார்கள். விடுதியிலிருந்து கேப்டனுக்கு அழைப்பு வந்தது. என்ன பேசினார்கள் என்று புரியவில்லை, கேப்டனின் முகம் இறுகியது மட்டும் தெரிந்தது. இறங்க விட்டார். அதுவரை படகில் இருந்த நானும் இறங்கினேன். அவர் வேண்டாம் என்று சொன்னதை என் காதால் கேட்டிருந்தும் இறங்கினேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது அலையில் எழுந்து நிற்கும்போது முகம் நேரே சரிந்து என்னை முன்னால் தள்ளியது. தண்ணீருக்குள் ஒரு நொடிகூடப் போகவில்லை, இடது இடுப்பும் முழங்கையும் பாரில் உரசின. அடுத்த அலை என்னை இன்னும் பத்தடி உள்ளே இழுத்தது. தம்பி வந்து, காலையும் போர்டையும் கட்டியிருக்கும் லீஷ் கயிற்றைப் பிடித்து இழுத்து, பாரை ஒட்டிய ஆழமான கால்வாய்ப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தான். கேப்டன் படகை அவ்வளவு கிட்டே கொண்டுவந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

படகின் முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்கள். நான் கேளம்பாக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் என் கண் காலாவதித் தேதிக்குத்தான் போகும். கிருமிநாசினி பாட்டில் 2019-இல் முடிந்திருந்தது. இரண்டு பாண்டேஜ், ஒரு கத்தரிக்கோல். பஞ்சு ஈரமாகிப் பூசணம் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் படகில் போக வேண்டிய தூரத்தில் தொழில் நடத்துகிறவர்கள் இதை இப்படி வைத்திருக்கக் கூடாது. இந்த மதிப்புரையில் நான் குறைக்கிற மதிப்பெண்ணில் பாதி அந்தப் பெட்டிக்கு, மீதி அந்தத் தொலைபேசி அழைப்புக்கு.

என் பையில் உப்புநீர்க் குப்பிகள், போவிடோன் அயோடின், மெல்லிய நகத்தூரிகை, ஒட்டாத கட்டுத்துணி இருந்தன. போகிறவர்கள் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். பார்க் காயத்தில் பவளத் துணுக்குகள் உள்ளே தங்கிவிடும். வலித்தாலும் தேய்த்துக் கழுவி அவற்றை வெளியே எடுக்காவிட்டால் சீழ் வைக்கும். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லும் வழக்கம் எல்லாக் கடற்கரையிலும் உண்டு. அது எரியும், அவ்வளவுதான், துணுக்கை எடுக்காது.

தீவின் சுகாதார மையத்தில் இருந்த நர்ஸ் குளச்சல் பக்கம். என் பெயரைப் பதிவேட்டில் பார்த்ததும் தமிழில் தொடங்கிவிட்டாள். “எக்கா, எந்தூரு நீங்க? பார்லயா விழுந்தீங்க?” ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு துணுக்காக எடுத்தாள். டெட்டனஸ் ஊசி போட்டாள். மூன்று நாள் கடலைப் பார்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டாள். மறுநாள் கட்டு மாற்றப் போனபோது கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாள். அவள் ஊரில் கடல் கரையேறி, வள்ளங்கள் நிறுத்தியிருக்கும் இடம் வரை வந்திருந்தது. “கள்ளக்கடல்க்கா. காத்தே இல்ல, வானம் பளிச்சுன்னு இருக்கு, கடல் மட்டும் ஏறுது.” எங்கள் பாரைத் தாண்டி வடக்கே போன அதே அலை. நிலநடுக்கோட்டிலிருந்து கன்னியாகுமரிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். ஒரு நாள் பயணம். நாங்கள் ஆசையாகக் கணிப்பில் பார்த்துக்கொண்டிருந்த எண் அவர்களுக்கு இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையாகப் போயிருக்கிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது இப்படி ஒரு கடல்தான். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு இடைவெளி எண்ணை வெறும் விளையாட்டுக் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

கடலுக்குப் போகாத நாட்களில் ஒரு நாள் பக்கத்துத் தீவான கத்தூவுக்குப் போனேன். அங்கே பெண்கள் கோரையில் பாய் நெய்கிறார்கள், ‘துண்டு குனா’ என்று பெயர். கறுப்பு, பழுப்பு, வெளிர்மஞ்சள் நிறங்களில் கோடும் கட்டமுமாக வரும். ஒரு காலத்தில் சுல்தானுக்குப் போன பாய்கள். பத்தமடைப் பாயைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு கையிலேயே தெரிந்துவிடும். சின்னதாக ஒன்று வாங்கினேன். விடுதிக்காரர்கள் இதைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை. அலை இல்லாத நாளில் என்ன செய்வது என்று விருந்தினர்கள் சலித்துக்கொள்ளும்போது முதலில் இங்கேதான் அனுப்ப வேண்டும்.

சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண். காலையில் மஸ் ஹுனி: தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு, சூரைத் துணுக்கு எல்லாம் பிசைந்து, ரோஷி என்ற சூடான சப்பாத்தியோடு. நம் மாசிச் சம்பலின் ஈரமான தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மணிக்குப் படகேறும்போது இலையில் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். மதியம் சோறும் கருதியா என்ற தெளிந்த மீன் சாறும். காய்கறி குறைவு, வெங்காயமும் உருளைக்கிழங்கும்கூடப் படகில் வர வேண்டும் என்பதால் நான் குறையாக எண்ணவில்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

அறை சுத்தம். குளிரூட்டி வேலை செய்தது. குளியலறைத் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. பெண்களுக்கு ஒரு வார்த்தை: குடியிருப்புத் தீவு என்பதால் தெருவில் தோளும் காலும் மூடிய உடை வேண்டும். பாரின் வெயிலுக்கு நான் எப்படியும் முழுக்கைச் சட்டையும் முழுக்கால் லெக்கிங்ஸும்தான் போடுவேன், அதனால் எனக்கு எதுவும் மாறவில்லை. படகுப் பையன் என்னைத் ‘தத்தா’ என்று கூப்பிடுவான். அவர்கள் மொழியில் அக்கா. பத்து நாளில் ஒரு பார்வைகூட உறுத்தவில்லை. மது கிடையாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடியும் வரை படகும் கிடையாது, அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கூட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். பயணப் படகு ஒன்று வந்து நின்றால் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், வரிசையே மாறிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் கேப்டன் வாயே திறக்காமல் படகைத் திருப்பி அடுத்த பாருக்குப் போய்விடுவார். பத்து நாளில் நாங்கள் பாதிக்கு மேல் தனியாகத்தான் அலையேறினோம்.

பாரின் உடல்நிலையையும் சொல்ல வேண்டும். முகமூடி போட்டு உள்விளிம்பில் நீந்திப் பார்த்தேன். ஆழமான இடங்களில் நிறம் இருக்கிறது. மேல்தட்டில் பல இடங்களில் உடைந்த சாம்பல் நிறக் குச்சிகள்தான். 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறி மாலத்தீவு முழுக்கப் பவளம் வெளுத்துப் போனது. எலும்புக்கூடு மேல் புதுக் கிளைகள் விரல் நீளத்துக்கு வளர்ந்துகொண்டிருந்தன. அந்த விரல் கிளைகளில் நான் விழுந்து சிலவற்றை உடைத்திருப்பேன். தண்ணீர் குறைவாக இருக்கும்போது இறங்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டாம் நாள் நர்ஸ் காயத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தாள். ஒட்டாத துணி, அதன் மேல் நீர் புகாத பட்டை. முந்தின நாளே விடுதி நடத்துகிறவரிடம் உட்கார்ந்து பேசினேன்: படகில் இறங்கலாமா வேண்டாமா என்பதைக் கேப்டன் மட்டும்தான் சொல்ல வேண்டும், கரையிலிருந்து யாரும் அழைக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் படகில் புது முதலுதவிப் பெட்டி இருந்தது. உள்ளே இருந்ததில் பாதி சுகாதார மையத்திலிருந்து அவசரமாக வாங்கி வந்தது என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் செய்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அன்று டைகர் ஸ்ட்ரைப்ஸ். தலையளவு உயரம், பதின்மூன்று விநாடி, வடகிழக்கிலிருந்து விசிறி போல ஒரு காற்று. கேப்டன் வழக்கம் போல எஞ்சினை அணைத்தார். கறுப்புக் கட்டி தண்ணீருக்குள் இருந்தது. பதினைந்து நிமிடம் கழித்துத் தம்பியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, கட்டியிருந்த இடுப்பைக் காட்டி, கையால் ‘ஓரமாக’ என்றார். அலை முதலில் உடையும் உச்சிக்குப் போகாமல் அதன் தோள்பட்டையில், கால்வாய் ஓரத்தில் உட்காரச் சொல்கிறார். உட்கார்ந்தேன்.

நாற்பது நிமிடம் ஒன்றும் என் பக்கம் வரவில்லை. பிறகு வந்தது. இரண்டு முறை கையைப் போட்டதுமே தூக்கிவிட்டது. எழுந்தேன். இடப்பக்கம், நேரே என் முகத்துக்கு முன்னால் அலை எழும்பி நின்றது. சூரியன் அதற்குப் பின்னால். கண்ணாடி மாதிரி, உள்ளே வெளிச்சத்தோடு. அதன் அடியில் பாரின் கோடுகள் வரிவரியாக ஓடின. அந்தப் பெயர் எப்படி வந்திருக்கும் என்று ஓடிக்கொண்டே நினைத்தேன். திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எப்போது சரியும், எங்கே வளையும் எல்லாம் கண்ணெதிரிலேயே எழுதியிருந்தது. எண்பது மீட்டர் இருக்கலாம், நூறு இருக்கலாம். கால்வாயில் வந்து விழுந்தபோது தொண்டை அடைத்துவிட்டது. படகிலிருந்து விசில் சத்தம் கேட்டது. பத்து நாளில் கேப்டன் விசிலடித்தது அந்த ஒரு முறைதான்.

கட்டி தலைகாட்டுவதற்குக் கால்மணி நேரம் முன்பே கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் ஏறினோம். அன்று யாரும் கரைக்குத் தொலைபேசியில் பேசவில்லை.

யார் போகலாம்: மணல் அலையில் தலையளவு உயரத்தைப் பதற்றமில்லாமல் ஓடுகிறவர்கள், அலையடியில் போர்டோடு முங்கிக் கடக்கத் தெரிந்தவர்கள், பத்து நாளில் நான்கு நாள் சும்மா இருக்கச் சம்மதிப்பவர்கள். தலைக்கவசமும் பார் செருப்பும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே வாடகைக்கு இருந்த ஒரே தலைக்கவசத்தின் வார் அறுந்திருந்தது. மருத்துவக் காப்பீட்டில் அலைச்சறுக்கு அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரி இதே அட்டோலின் தினாதூ தீவில், அங்கிருந்தும் மாலேக்குப் போக நேர்ந்தால் விமானம்தான். முதல் ஒரு வருடப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு என் மனப்பூர்வமான பதில் வேண்டாம் என்பதுதான். கோவளமும் மகாபலிபுரமும் இருக்கின்றன, இன்னும் இரண்டு வருடம் அங்கே ஓடுங்கள்.

அடுத்த வருட ‘ரேவ’ நாட்களுக்கு எனக்கும் தம்பிக்கும் மறுபடி பதிவு செய்திருக்கிறேன். முன்பணம் அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன்: அதே கேப்டன்தான் படகில் இருப்பாரா, இறங்கலாமா என்பதை அவர்தான் முடிவு செய்வாரா? மூன்று நாள் கழித்து ஆமாம் என்று பதில் வந்தது. அன்று மாலையே பணத்தை அனுப்பிவிட்டேன்.